மூன்று நாளில் ஒரு கண்

பத்தாம் வகுப்பு ஒளியியல் பாடத்துக்காக மனிதக் கண்ணின் படத்தைக் கரும்பலகையில் வரையாத அறிவியல் ஆசிரியர் இருக்க முடியாது. கார்னியா, ஐரிஸ், கண் பாவை, விழிலென்ஸ் என்று வரிசையாகக் குறித்துவிட்டுக் கடைசியாக விழித்திரைக்கு வருவோம். பிறகு கேமராவோடு ஒப்பிடுவோம். பிம்பம் தலைகீழாக விழுவதை விளக்க அந்த ஒப்பீடு நன்றாகவே உதவுகிறது. ஆனால் அது மாணவர் மனத்தில் வேறொரு எண்ணத்தையும் விட்டுச் செல்கிறது. கண்ணின் பாகங்கள் தனித்தனியாகச் செய்யப்பட்டுப் பிறகு பொருத்தப்பட்டவை என்ற எண்ணம் அது. விழித்திரை என்ற பெயரே ஒரு திரைச்சீலையைப் பின்புறம் தொங்கவிட்டதுபோல் ஒலிக்கிறது.

விழித்திரை திரையே அல்ல. மூளையின் ஒரு பகுதி கருப்பருவத்தில் வெளியே நீண்டு வந்து, மடிந்து, கிண்ணமாகி, ஒளியை உணரக் கற்றுக்கொண்டதுதான் விழித்திரை. இதை வாயால் சொன்னால் மாணவர்கள் நம்பத் தயங்குகிறார்கள். கண்ணெதிரே நடப்பதைப் பார்க்கக்கூடிய ஓர் உயிரினம் இருக்கிறது. அதன் முட்டை கண்ணாடிபோல் தெளிவானது. கருவுற்ற மூன்றாம் நாளில் அந்தக் குஞ்சு வெளிச்சம் மங்கினால் துள்ளுகிறது. அந்த மீனின் கண் எப்படி உருவாகிறது என்பதை, உயர் தொடக்க வகுப்பு முதல் மேல்நிலை வரை நாம் பயன்படுத்தக்கூடிய அளவில் இங்கே எழுதுகிறேன்.

மீனின் பெயர் வரிக்குதிரை மீன். அலங்கார மீன் கடைகளில் ஜீப்ரா என்றோ ஜீப்ரா டேனியோ என்றோ கேட்டால் கொடுப்பார்கள். விரல் நீளம்கூட இல்லாத, நீல வரிகள் ஓடும் மீன். இது நம் தெற்காசியாவின் சொந்த மீன். கங்கையிலும் அதன் கிளைகளிலும் வாழும் மீன்களைப் பற்றி ஃபிரான்சிஸ் ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1822-இல் வெளியிட்ட நூலில்தான் இது முதன்முதலில் அறிவியல் முறைப்படி விவரிக்கப்பட்டது. நம் ஊர் ஓடைகளின் மீன், மீன்தொட்டி வியாபாரிகள் கைவழியாக உலகம் சுற்றி, அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் என்ற மரபியலாளரின் ஆய்வுக்கூடத்தை அடைந்தது. 1981-இல் அவர் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு இது முதுகெலும்பிகளின் கருவளர்ச்சியைப் படிக்க உலகமே பயன்படுத்தும் மீனாகிவிட்டது. 2013-இல் இதன் மரபணுத் தொகுதி முழுமையாக வெளியானபோது, மனித மரபணுக்களில் சுமார் 70 விழுக்காட்டுக்கு இந்த மீனில் இணை இருப்பது தெரிந்தது.

ஆய்வாளர்கள் இதை விரும்பக் காரணம் எளியது. கோழிக்குஞ்சின் வளர்ச்சியைப் பார்க்க ஓட்டை உடைக்க வேண்டும். எலியின் கருவைப் பார்க்கத் தாயின் வயிற்றைக் கிழிக்க வேண்டும். இந்த மீனோ தண்ணீரில் முட்டையிடுகிறது. தாயின் உடலுக்கு வெளியேதான் கரு வளர்கிறது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத முட்டைக்குள் நடப்பதெல்லாம் நுண்ணோக்கியில் தெரிகிறது. 28.5 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் வளர்ப்பது வழக்கம். குளிர்நாட்டு ஆய்வுக்கூடங்கள் மின்சாரம் செலவிட்டு உண்டாக்கும் அந்தச் சூடு நமக்கு இலவசம்.

இனி மணிக்கணக்கில் பார்ப்போம். கருவுற்ற முக்கால் மணி நேரத்தில் முதல் செல் பிரிதல் நடக்கிறது. அதன்பின் ஏறத்தாழ 15 நிமிடத்துக்கு ஒருமுறை செல்கள் இரட்டிக்கின்றன. 10 மணி நேரம் ஆகும்போது உடலின் அச்சு வரையறுக்கப்பட்டு, முதுகுப்புறத்தில் நரம்புத்தட்டு தெரிகிறது. மூளையும் தண்டுவடமும் ஆகப்போவது இந்தத் தட்டுதான். அதன் முன்முனையில் ஒரு சிறு பரப்பு, 'நாங்கள் கண்ணாவோம்' என்று அப்போதே முடிவாகிவிடுகிறது. வெளித்தோற்றத்தில் அந்தச் செல்களுக்கும் பக்கத்துச் செல்களுக்கும் வேறுபாடு கிடையாது. அவற்றுக்குள் இயங்கும் மரபணுக்கள்தான் வேறு. அவற்றுள் ஒன்றான ஆர்எக்ஸ்3 என்ற மரபணு பழுதுபட்ட மீன், கண்ணே இல்லாமல் பிறக்கிறது.

இங்கே ஒரு செய்தியை வகுப்பில் நிறுத்திச் சொல்லத் தவறாதீர்கள். கண்ணாகப்போகும் அந்தப் பரப்பு இரண்டு அல்ல, ஒன்று! நடுவில் ஒரே ஒரு பட்டை. அதற்கு அடியிலிருக்கும் நடுக்கோட்டுத் திசுக்களிலிருந்து வரும் வேதிச் செய்திகள்தான் நடுப்பகுதியைக் கண்ணாக விடாமல் தடுத்து, இடம் வலம் என்று பிரிக்கின்றன. இந்தச் செய்தி கிடைக்காத மீன் ஒற்றைக் கண்ணுடன் பிறக்கிறது. அந்த மரபணுத் திரிபுக்கு ஆய்வாளர்கள் கிரேக்கக் கதைகளில் வரும் ஒற்றைக்கண் அரக்கனான சைக்ளோப்ஸின் பெயரை வைத்தார்கள்.

மீனில் மட்டும் நடப்பதல்ல இது. 1950-களில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஆட்டுக் கிடைகளில் ஒற்றைக் கண்ணுடன் குட்டிகள் பிறந்தன. வேளாண் துறை அறிவியலாளர்கள் பல ஆண்டுகள் தேடிக் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். மலை மேய்ச்சல் நிலத்தில் வளரும் ஒரு வகை லில்லிச் செடி, சினையுற்ற 14-ஆம் நாள் வாக்கில் தாய் ஆடு அதைத் தின்றிருந்தால், குட்டிக்கு ஒற்றைக் கண். முன்னும் பின்னும் தின்றிருந்தால் அந்தக் குறை இல்லை. அந்தச் செடியின் நச்சுக்கு சைக்ளோபமைன் என்று பெயரிட்டார்கள். நடுக்கோட்டிலிருந்து வரும் செய்தியைச் செல்கள் கேட்கவிடாமல் அது காதைப் பொத்திவிடுகிறது என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. கருவளர்ச்சியில் 'எது' என்பதைப் போலவே 'எப்போது' என்பதும் முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

மீனுக்குத் திரும்புவோம். 12 மணி நேரம் ஆகும்போது மூளையின் இருபுறமும் சிறகுபோல் இரண்டு தட்டையான புடைப்புகள் வெளியே வருகின்றன. இவையே கண் மொட்டுகள். அடுத்த 12 மணி நேரத்தில், அதாவது முதல் நாள் முடிவதற்குள், அந்தத் தட்டையான மொட்டு மடிந்து இரண்டு அடுக்குக் கிண்ணமாகிவிடும். கிண்ணத்தின் உள் அடுக்கு விழித்திரையின் நரம்புப் பகுதி. வெளி அடுக்கு அதைப் பின்னாலிருந்து போர்த்தும் கருநிற நிறமிப் படலம்.

இதை வகுப்பில் காட்ட நம்மில் பலர் பாதி ஊதிய பலூனைப் பயன்படுத்துகிறோம். கட்டைவிரலால் அழுத்தினால் இரட்டை அடுக்குக் கிண்ணம் வந்துவிடும். நானும் அதைத்தான் செய்கிறேன். ஐந்து ரூபாயில் இதைவிட நல்ல கருவி கிடையாது. கூடவே ஒரு வாக்கியம் சேர்த்துக்கொள்வது நல்லது. மீனில் அழுத்தும் கட்டைவிரல் எதுவும் இல்லை. செல்களே நகர்கின்றன. உயிருள்ள கருவில் ஒளிரும் புரதத்தால் செல்களைக் குறியிட்டுப் படம்பிடித்துப் பார்த்தபோது, மொட்டின் உட்பக்கத்தில் இருக்கும் செல்களில் பெரும்பகுதி கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி வழிந்து மறுபக்கம் போய் விழித்திரையோடு சேர்வது தெரிந்தது. நிறமிப் படலமாகும் கொஞ்சம் செல்கள் மட்டும் பின்னால் தங்கி, அப்பளம் பொரியும்போது விரிவதுபோல் மெலிந்து விரிந்து, கிண்ணத்தின் முதுகை முழுவதும் மூடிவிடுகின்றன.

கண் மொட்டு தோலைத் தொடும் இடத்தில் இன்னொன்று நடக்கிறது. அங்கே தோற்படை தடித்து, உருண்டு, பிரிந்து லென்ஸ் ஆகிறது. எனவே விழித்திரை மூளையிலிருந்து வந்தது, லென்ஸ் தோற்படையிலிருந்து வந்தது. இரண்டும் ஒன்றையொன்று சந்தித்து ஒரே கண்ணாகின்றன. ஹான்ஸ் ஸ்பேமான் என்ற ஜெர்மானியர் 1901-இல் தவளைக் கருவில் கண் மொட்டைச் சிதைத்துப் பார்த்தார். தோல் இருந்தும் லென்ஸ் உருவாகவில்லை. ஒரு திசு இன்னொன்றைத் தூண்டுகிறது என்ற கருத்து அங்கேதான் வேர்விட்டது. 1935-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது, இந்த வழியில் தொடர்ந்து செய்த ஆய்வுகளுக்காக.

லென்ஸும் திருப்பிச் செய்தி அனுப்புகிறது. மெக்சிகோவின் இருண்ட குகைகளில் ஒரு மீன் வாழ்கிறது. வளர்ந்த மீனுக்குக் கண் கிடையாது. ஆனால் அதன் கருவில் கண் உருவாகத்தான் செய்கிறது. கிண்ணம் வருகிறது, லென்ஸும் வருகிறது. பிறகு லென்ஸின் செல்கள் தாமே மடிய, கண் முழுவதும் தேய்ந்து தோலுக்குள் மறைகிறது. 2000-ஆம் ஆண்டில் யோஷியுகி யமமோட்டோ, வில்லியம் ஜெஃப்ரி என்ற இரு ஆய்வாளர்கள், வெளிச்சத்தில் வாழும் அதே இன மீனின் கருவிலிருந்து லென்ஸை எடுத்துக் குகை மீனின் கருவில் ஒரு பக்கம் வைத்தார்கள். அந்தப் பக்கம் மட்டும் கண் வளர்ந்தது. பரிணாமப் பாடத்தில் 'பயன்படாத உறுப்பு மறைந்துவிடும்' என்று எழுதிவிட்டுப் போகும் மாணவரிடம் இந்தச் சோதனையைச் சொல்லிப் பாருங்கள். பயன்படுத்தாததால் அந்தக் கண் தேயவில்லை என்பதை அவரே கண்டுகொள்வார். ஒளியையே காணாத கருவிலேயே அல்லவா அது தேய்ந்துவிடுகிறது?

கிண்ணம் என்றேன். முழுக் கிண்ணம் அல்ல. அடிப்பக்கத்தில் ஒரு பிளவு இருக்கும். வாய் சிதைந்த மண்சட்டிபோல், விளிம்பிலிருந்து அடிவரை நீளும் பிளவு. கண்ணுக்குள் இரத்தக் குழாய் நுழைவதற்கும், நரம்பு இழைகள் வெளியேறுவதற்கும் அதுவே வழி. வேலை முடிந்ததும் இரு உதடுகளும் நெருங்கி வந்து ஒட்டிக்கொள்ள வேண்டும். மீனில் இது இரண்டாம் நாள் முடிவிலிருந்து நடக்கிறது. மனிதக் கருவில் ஐந்தாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள். ஒட்டாமல் போனால் கண் பாவை வட்டமாக இல்லாமல், கீழ்நோக்கி நீண்டு சாவித்துவாரம்போல் இருக்கும். மருத்துவர்கள் இதைக் கோலபோமா என்பார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆறாம் வகுப்பில் சேர்ந்த ஒரு மாணவிக்கு இடது கண் அப்படி இருந்தது. பிள்ளைகள் வைத்த பட்டப்பெயரை இங்கே எழுத வேண்டாம். பாட்டிதான் பள்ளிக்குக் கொண்டுவந்து விடுவார். விசாரித்தபோது பாட்டி சொன்னார்: "இவ வயித்துல இருக்கும்போது இவ அம்மா கிரகணத்தன்னிக்கு வெளிய வந்துட்டா சார். சொல்லச் சொல்லக் கேக்கல. அதான் பாம்பு கடிச்ச மாதிரி கண்ணுல கீறலு."

எத்தனை மாதத்தில் கிரகணம் வந்தது என்று கேட்டேன். ஏழாம் மாதம் என்றார். "பாட்டியம்மா, அந்தக் கண்ணு மூடி ஒட்ட வேண்டியது ரெண்டாம் மாசத்துல. ஏழாம் மாசத்துல கண்ணு எல்லாம் செஞ்சு முடிஞ்சு வச்சாச்சு. அதுக்கப்புறம் வர்ற கிரகணம் என்ன பண்ணும்?" என்றேன். மீனின் கண் படங்களைக் கைபேசியில் காட்டினேன். கிரகணமே பார்க்காமல் தொட்டியில் வளரும் மீனுக்கும் சில நேரம் இந்தத் தையல் விட்டுப்போகும் என்று காட்டியபோது பாட்டி வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒத்துக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் பதினோரு ஆண்டுகளாகக் குற்றவாளிக் கூண்டில் நின்ற அந்தத் தாய், அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு முதல் முறையாக வந்தார்.

அந்தப் பிள்ளையை அரசு மருத்துவமனைக் கண் பிரிவுக்கு அனுப்பினோம். ஐரிஸில் மட்டும் பிளவு இருந்தால் பார்வைக்கு அதிகக் கெடுதல் இல்லை. விழித்திரைவரை நீண்டிருந்தால்தான் அந்த இடத்தில் விழும் காட்சி தெரியாது. கீழ் விழித்திரையில் விழுவது மேலே உள்ள காட்சி என்பது நம் ஒளியியல் பாடமே. இன்னொன்று, கண் பாவை முழுமையாகச் சுருங்க முடியாததால் வெயில் கூசும். அவளைச் சன்னல் பக்கத்திலிருந்து மாற்றி உட்காரவைக்க மருத்துவர் சீட்டு தேவைப்படவில்லை.

இனி கிண்ணத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. முதல் நாள் முடிவில் விழித்திரை என்பது ஒரே மாதிரியான நெட்டையான செல்களின் கூட்டம். ஒவ்வொரு செல்லும் படலத்தின் ஒரு முகத்திலிருந்து மறுமுகம்வரை நீண்டு நிற்கும். அதன் உட்கரு மட்டும் கிணற்று வாளிபோல் மேலும் கீழும் போய்வரும். செல் பிரிய வேண்டிய நேரத்தில் உட்கரு நிறமிப் படலம் இருக்கும் பக்கத்துக்கு வந்துவிடும். அங்கே பிரிந்துவிட்டு மீண்டும் உள்ளே போகும்.

28 மணி நேரம் ஆகும்போது, கிண்ணத்தின் பிளவுக்கு அருகில், மூக்குப் பக்கமாக உள்ள ஒரு சிறு இடத்தில் சில செல்கள் பிரிவதை நிறுத்துகின்றன. அவையே முதல் நரம்புச் செல்கள். கேங்க்ளியான் செல்கள் என்பது அவற்றின் பெயர். பார்வை நரம்பின் இழைகள் இவற்றிலிருந்துதான் கிளம்பும். அந்த இடத்தில் தொடங்கிய மாற்றம் வயலில் மடை திறந்த தண்ணீர்போல் விழித்திரை முழுவதும் பரவுகிறது. இந்த அலைக்கு முன்னோடியாக ஒரு மரபணு விழித்துக்கொள்கிறது. அது பழுதான மீனில் மற்ற எல்லாச் செல்களும் இருக்கும், கேங்க்ளியான் செல்கள் மட்டும் இருக்கா. ஒளியை உணரும் செல்கள் உண்டு, மூளையும் உண்டு, நடுவில் கம்பி இல்லை. அந்த மீன் பார்ப்பதில்லை.

கேங்க்ளியான் செல்களுக்குப் பின் கிடைமட்டச் செல்களும் அமாக்ரின் செல்களும், அதன்பின் கூம்பு, குச்சி செல்களும் இருமுனைச் செல்களும், கடைசியாக இவை அனைத்தையும் தாங்கிப் பிடிக்கும் முல்லர் செல்களும் உருவாகின்றன. காலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடந்தாலும் தொடங்கும் வரிசை பெரும்பாலும் இதுதான். நமது விழித்திரையிலும் கேங்க்ளியான் செல்களே முதலில் வருகின்றன. இந்த வரிசை கண்டிப்பான உத்தரவால் நடப்பது என்றே வெகுகாலம் கருதினார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஹாரிஸ் குழுவினர் மீனின் விழித்திரையில் ஒவ்வொரு தாய்ச்செல்லின் வாரிசுகளையும் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 2012-இல் வெளியான அந்த ஆய்வில், அடுத்தடுத்து நிற்கும் இரண்டு தாய்ச்செல்களின் பிள்ளைகள் எண்ணிக்கையிலும் வகையிலும் ஒன்றுபோல் இல்லை என்பது தெரிந்தது. தாயம் உருட்டுவதுபோல் ஒவ்வொரு செல்லிலும் தற்செயல் இருக்கிறது. ஆனால் ஆயிரக்கணக்கில் உருட்டும்போது மொத்த விகிதம் மாறுவதில்லை. நிகழ்தகவு நடத்தும் கணித ஆசிரியருக்கு இதைவிட நல்ல உயிருள்ள எடுத்துக்காட்டு எங்கே கிடைக்கும்?

'பிரிவதை நிறுத்துதல்' என்பதைச் சாதாரணமாகக் கடந்துவிட முடியாது. மனிதக் குழந்தையின் விழித்திரையில் ஒரு செல் நிறுத்த மறந்தால் அது புற்றுநோய். ஆர்பி என்ற மரபணுவின் இரண்டு பிரதிகளும் கெட்டுப்போகும்போது வருவது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் தெரிவது இதன் அடையாளங்களுள் ஒன்று. புதிதாக மாறுகண் விழுவது இன்னொன்று. முன்பருவ வகுப்பிலும் ஒன்றாம் வகுப்பிலும் இருக்கும் நண்பர்கள் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கண்டால் தள்ளிப்போடாமல் கண் மருத்துவரிடம் அனுப்புங்கள். வெள்ளையாகத் தெரிவதற்கு வேறு காரணங்களும் உண்டு. அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

மாணவர்கள் கேட்கும் ஒரு கேள்விக்கு இங்கே விடை இருக்கிறது. ஒளி முன்னாலிருந்து வருகிறது. ஆனால் ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் பின்கோடியில், அதுவும் நிறமிப் படலத்தைப் பார்த்தபடி திரும்பி நிற்கின்றன. ஒளி மற்ற எல்லா அடுக்குகளையும் தாண்டித்தான் அவற்றை அடைய வேண்டும். ஏன் இப்படித் திருப்பிப் போட்டது போல்?

நரம்புத்தட்டை நினைத்துப் பாருங்கள். அதன் வெளிமுகம், குழலாக உருளும்போது உள்முகமாகிவிடுகிறது. அந்தக் குழலின் சுவர் கண் மொட்டாகப் புடைத்தாலும், அதே முகம் மொட்டின் உள்ளே இருக்கும் பொந்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். மொட்டு மடிந்து கிண்ணமானபோது அந்தப் பொந்து எங்கே போயிற்று? விழித்திரைக்கும் நிறமிப் படலத்துக்கும் இடையே நசுங்கிய மெல்லிய இடைவெளியாக மாறிவிட்டது. நரம்புச் செல்களின் குறுஇழைகள் எப்போதும் அந்த முகத்தில்தான் முளைக்கும். கூம்பு செல், குச்சி செல் ஆகியவற்றின் ஒளியுணரும் பகுதி அப்படிப்பட்ட ஒரு குறுஇழையின் மாற்றுருவம்தான். ஆகவே அது வேறு எந்தப் பக்கமும் பார்க்க முடியாது. சட்டையின் கையை உள்ளே தள்ளி மடித்துக் காட்டினால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடப் புரிந்துகொள்வார்; எந்த முகம் எங்கே போகிறது என்று சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் போதும். குருட்டுப் புள்ளியும் இதனால்தான். கம்பிகள் முன்பக்கம் இருப்பதால், வெளியே போக ஒரு துளை வேண்டியிருக்கிறது.

அந்தக் கம்பிகள் 32 மணி நேரத்துக்குப் பிறகு கண்ணை விட்டு வெளியேறுகின்றன. நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய், இரண்டாம் நாள் முடிவில் நடுமூளையின் கூரையை அடைகின்றன. மீனில் எல்லா இழைகளும் எதிர்ப்பக்கமே போகும். நம்மில் ஏறத்தாழ பாதி. வழி யார் சொல்கிறார்கள்? ரோஜர் ஸ்பெர்ரி என்ற அமெரிக்கர் 1940-களில் தவளையின் பார்வை நரம்பை வெட்டி, கண்ணை 180 டிகிரி திருப்பி வைத்தார். நரம்பு மீண்டும் வளர்ந்தது. ஆனால் பூச்சி மேலே இருந்தால் தவளை கீழே நாக்கை நீட்டியது, கடைசிவரை திருத்திக்கொள்ளவில்லை. ஒவ்வொரு இழையும் தன் பழைய முகவரிக்கே போய்ச் சேர்ந்திருந்தது. முகவரி வேதிப்பொருளால் எழுதப்பட்டது என்றார் ஸ்பெர்ரி. அந்த மூலக்கூறுகள் பின்னாளில் ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கப்பட்டன.

மூன்றாம் நாள், 70 மணி நேரத்தை ஒட்டி, குஞ்சு நிழலுக்குத் திடுக்கிடுகிறது. அதைச் சுற்றிக் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட உருளையைச் சுழற்றினால், கோட்டோடு கண்ணையும் நகர்த்துகிறது. ஐந்தாம் நாளில் இரையைப் பார்த்துத் துரத்துகிறது. இந்தப் பார்வை முழுவதும் கூம்பு செல்களின் வேலை. சிவப்பு, பச்சை, நீலம் மட்டுமல்லாமல் நமக்குத் தெரியாத புற ஊதா ஒளிக்கும் அதற்கு ஒரு கூம்பு உண்டு. மங்கிய ஒளிக்கான குச்சி செல்கள் பயன்பாட்டுக்கு வர இரண்டு வாரங்களுக்கு மேல் ஆகிறது.

மீனின் கண் அதோடு நிற்பதில்லை. கிண்ணத்தின் விளிம்பில் குருத்து செல்கள் தங்கிவிடுகின்றன. மரத்தின் ஆண்டு வளையம்போல், மீன் வளரும்வரை அவை புதுப்புது வளையங்களாக விழித்திரையைச் சேர்த்துக்கொண்டே போகும். விழித்திரையில் காயம் பட்டால், முல்லர் செல்கள் தம் முதிர்ந்த நிலையை விட்டு மீண்டும் இளமைக்குத் திரும்பிப் பிரிந்து, இழந்த நரம்புச் செல்களைப் புதிதாக உண்டாக்கித் தருகின்றன. நமக்கும் முல்லர் செல்கள் உண்டு. காயம்பட்டால் அவை தழும்பைத்தான் உண்டாக்கும். 2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், மீனின் முல்லர் செல்கள் பயன்படுத்தும் ஒரு மரபணுவை வளர்ந்த எலியின் முல்லர் செல்களில் இயங்கவைத்து, துணை மருந்தும் கொடுத்து, சில புதிய நரம்புச் செல்களை வரவைத்தார்கள். சில செல்கள், அவ்வளவுதான். 'பார்வையிழந்தவர்களுக்கு மீன் தரும் மருந்து' என்று கைபேசியில் சுற்றும் செய்திகளை மாணவர் கொண்டுவந்து காட்டினால், இந்த அளவைச் சொல்லுங்கள். சர்க்கரை நோயால் பார்வை மங்கும் அப்பாவோ தாத்தாவோ பல வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் இன்று செய்ய வேண்டியது விழித்திரைப் பரிசோதனை.

பள்ளியில் பார்க்க விரும்பும் நண்பர்களுக்கு: சிறிய தொட்டி, ஒருநாள் திறந்துவைத்துக் குளோரின் போன தண்ணீர், இரண்டு ஆண் மூன்று பெண் மீன்கள் போதும். ஆண் மெலிந்து பொன்னிறம் கலந்திருக்கும். பெண்ணின் வயிறு பருத்து வெண்மையாக இருக்கும். தொட்டியின் அடியில் கோலிக்குண்டுகளைப் பரப்புங்கள். பெற்ற மீனே முட்டையைத் தின்றுவிடும். குண்டுகளின் இடுக்கில் விழுந்தால் தப்பும். விடிந்து வெளிச்சம் வந்ததும் முட்டையிடும் என்பதால் மாலையே ஏற்பாட்டைச் செய்துவிட வேண்டும். காலையில் மீன்களை மாற்றிவிட்டு, அடித் தண்ணீரைக் குழாயால் உறிஞ்சி வெள்ளைக் கிண்ணத்தில் விடுங்கள். வெண்மையாகக் கலங்கிய முட்டைகள் செத்தவை. சொட்டுக்குழாயால் எடுத்துவிடுங்கள், இல்லையேல் பூஞ்சை மற்றவற்றையும் பிடிக்கும்.

பள்ளி நுண்ணோக்கியில் குறைந்த உருப்பெருக்கம் போதும். குழிவான கண்ணாடித் தகட்டில் ஒரு முட்டையைத் தண்ணீரோடு வைத்துச் சில நிமிடங்கள் மட்டும் பாருங்கள். விளக்கின் சூடு படக்கூடாது. முதல் நாள் மாலையில் தலைப்பக்கம் இரு புடைப்புகள் தெரியும். மறுநாள் காலை இதயம் துடிக்கும், கண்ணில் கருநிறம் தூவத் தொடங்கியிருக்கும். அன்று மாலைக்குள் அது நன்றாகக் கறுத்துவிடும். மூன்றாம் நாள் குஞ்சு வெளிவரும். வெள்ளிக்கிழமை முட்டை எடுத்தால் முக்கியமான காட்சிகள் விடுமுறையில் போய்விடும், எனவே திங்கள்கிழமை தொடங்குங்கள். ஐந்தாம் நாளோடு மஞ்சள்கரு ஏறக்குறைய தீர்ந்து குஞ்சுகளுக்கு நுண்ணுயிர் உணவு தேவைப்படும். வளர்க்க ஆளில்லாவிட்டால் மீன் வளர்ப்பவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். குளத்திலோ கிணற்றிலோ விட வேண்டாம்.